கல்லுக்கு ஆடிய இரண்டாம் ஆட்டம்

முனியம்மாளின் கொல்லையில் நின்ற நடுகல்லைப் பெயர்த்துக்கொண்டு வரலாம் என்று அறிக்கை எழுதியவள் நான். அந்த அறிக்கையில் ஒரு பிழைகூடக் கிடையாது. கல்லின் உயரம், அகலம், எழுத்து எத்தனை வரி, நிலம் யார் பெயரில், சம்மதம் தந்தவர் யார், எல்லாம் இருந்தது. முனியம்மாள் என்ற பெயர் மட்டும் அதில் இல்லை. அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது 1973, ஆவணி மாதம். தருமபுரியில் பழைய தானியக் கிடங்கு ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து நடுகல் கூடம் ஆக்கியிருந்தார்கள். நான் அங்கே தற்காலிக உதவியாளர். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரர் சவரியின் மகள், பி.ஏ. வரலாறு, இரண்டாம் வகுப்பு. எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள். அதோடு நிற்காமல் ஆயிரம் வருஷத்து வட்டெழுத்தையும் படிக்கக் கற்றிருந்தேன். அந்தத் திமிர் என்னிடம் நிறைய இருந்தது. கூடத்துக்கு வருகிற பெரிய மனிதர்கள் ‘யாரும்மா நீ, எந்த ஊரு’ என்று கேட்டு, பதில் வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் திமிர் இன்னும் கொஞ்சம் ஏறும்.

கல் இருந்தது நல்லம்பள்ளிக்கு மேற்கே ஒரு சோளக் கொல்லையின் நடுவில். நாலடி உயரம். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், மார்பில் மூன்று அம்பு, காலடியில் ஒரு கன்றுக்குட்டி. மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவன் என்று எழுத்தில் இருந்தது. பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. ஊரில் எல்லாக் கல்லையும் போல இதையும் வேடியப்பன் என்றுதான் சொன்னார்கள். நிலம் பெரியண்ணன் என்பவர் பெயரில் இருந்தது. ஏர் ஓட்டும்போதெல்லாம் கல்லைச் சுற்றி மாட்டை வளைக்க வேண்டியிருக்கிறது என்று அவருக்கு அலுப்பு. எடுத்துக்கொண்டு போங்கள் என்று கைநாட்டு வைத்துவிட்டார். நாலு ஆள் கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பியபோது, களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து நின்று பார்த்தாள். முப்பது வயது இருக்கும், நெற்றி வெறுமையாக இருந்தது. பெரியண்ணனின் செத்துப்போன தம்பியின் மனைவி, முனியம்மாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், எப்போது திரும்பக் கொண்டுவருவீர்கள் என்று. இனி இது அரசாங்கத்துக் கல் என்றேன். அவள் மறுபடி களைக்குக் குனிந்துவிட்டாள்.

கூடத்துக்கு வந்ததும் கல்லின் மேல் ஏறியிருந்த எண்ணெயையும் மஞ்சளையும் சோடா மாவு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். முதுகில் வெள்ளைப் பெயின்ட்டால் 17 என்று எழுதினேன். வரிசையில் நிறுத்தினோம்.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அவள் வர ஆரம்பித்தாள். சந்தை நாளில் தக்காளிக் கூடையை இறக்கிவிட்டு நேராக இங்கே வருவாள். எதுவும் பேசமாட்டாள், எதையும் தொடமாட்டாள். பதினேழாம் கல் முன்னால் கால் மணி நேரம் நிற்பாள், போய்விடுவாள். வாட்ச்மேன் மாதுவுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னா முனியம்மா, வூட்டுக்காரரப் பாக்க வந்துட்டியா?”

“வூட்டுக்காரரு செத்துப் படுத்துட்டாரு. இவரு செத்தும் நிக்கறாரு. அதான் வந்து பாத்துட்டுப் போறன்” என்றாள் அவள். மாது அதற்கப்புறம் அவளிடம் வாயைக் கொடுக்கவில்லை.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான். நானே நாற்காலி எடுத்துப் போட்டேன், உட்காரமாட்டேன் என்றுவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னை மேரியம்மா என்றாள், ராஜமேரி என்பது அவள் வாயில் நுழையவில்லை.

1974 மாட்டுப் பொங்கல் அன்று விடுமுறை. பிப்ரவரியில் சென்னையிலிருந்து செகரட்டரி ஒருவர் வந்து கூடத்தைத் திறந்துவைக்கப் போகிறார் என்று பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. கிறிஸ்தவச்சிக்கு என்ன பொங்கல் என்று எண்ணியிருப்பார்கள். எங்கள் ஊரிலும் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவோம், பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. மத்தியானம் மூன்று மணிக்குக் கதவை யாரோ தட்டினார்கள். முனியம்மாள். கையில் தேங்காயும் கற்பூரமும். உள்ளே கற்பூரம் ஏற்றக் கூடாது என்றேன். சரி என்று கதவோரம் வைத்துவிட்டாள். அப்புறம், கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னாள். அவர்கள் குடும்பத்தில் மாட்டுப் பொங்கல் அன்று பொழுது சாய்வதற்குள் ஒருவர் கல்லுக்கு ஆட வேண்டும். பறை கிடையாது, பாட்டு கிடையாது. ஆடுகிறவர் யார் என்று கல்லின் முன்னால் எல்லாரும் நிற்கும்போதே தெரிந்துவிடுமாம்; யாருடைய கால் தானாக முன்னால் வருகிறதோ அவர். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அவள் கால் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவள்தான். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு தடவை ஆடியதை மறுதடவை ஆடக் கூடாது.

“ஏன்?” என்றேன்.

“அவரு மாட்டைத் தேடிப் போனப்ப அடுத்த அடி எங்க வெக்கறதுன்னு அவருக்குத் தெரியாதுங்க. பாத்துப் பாத்துத்தான் வெச்சாரு. நாம தெரிஞ்ச அடிய வெச்சா அது அவருகிட்ட நடிக்கிறது. கண்டுபுடிச்சிருவாரு.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு இல்லாமல் இன்னொன்று சொன்னாள்.

“எங்கூட்டுக்காரரு போனதிலிருந்து எல்லா நல்லதுக்கும் என்னைப் பின்னால நிக்கச் சொல்லுவாங்க. கல்யாணம், சீமந்தம், வெத நெல்லு எடுக்கறது, எதுக்கும் முன்னால வரக் கூடாது. கல்லு முன்னால மட்டும்தானுங்க என்னைய யாரும் பின்னால போன்னு சொன்னதில்ல. இப்ப கல்லு இங்க இருக்குது. நான் எங்க நிக்கட்டும்?”

நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஆடுங்கள் என்றேன்.

முதலில் அவள் ஒன்றுமே செய்யவில்லை. பதினேழாம் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பட்டியலில் இரண்டு வரி எழுதி நிமிர்ந்தேன், அப்போதும் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் வரி எழுதும்போது தரையில் குதிகால் உரசும் சத்தம் கேட்டது. உடம்பின் பாரம் முழுவதும் வலது காலுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மாற்றத்துக்கு அப்புறம் அவள் அங்கே களை எடுக்கிற பெண்ணாக நிற்கவில்லை. இடது கை மெதுவாக எழுந்து நீண்டது. வில் பிடித்த கை என்று நான் நினைப்பதற்குள் அது வில் இல்லாமல் போய்விட்டது. இருட்டில் சுவரைத் தேடுகிற கையாகிவிட்டது.

கொல்லையில் அந்தக் கல் ஒற்றையாக நின்றது. இங்கே அதைச் சுற்றி முப்பத்து மூன்று கல். அவள் திரும்பினால் ஒரு குதிரைக்காரன் மேல் இடித்துக்கொள்வாள், பின்னால் போனால் ஒரு நாய். அவள் அவர்களை விலக்கிப் போகவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள். குதிரைக் கல்லின் முன்னால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தாள். எஜமானோடு செத்த நாய்க்கு நட்ட கல் ஒன்று உண்டு. அதன் முதுகின் மேலே ஒரு விரற்கடை தூரத்தில் கையை ஓட்டினாள், தொடவில்லை. அரைகுறையாகத் தலை மட்டும் செதுக்கி விட்டுவிட்ட கல் ஒன்று மூலையில் கிடந்தது. நாங்கள் அதைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. அதன் பக்கத்தில் போய் விழுந்தாள். விழுந்தது என்றால் தடுக்கி விழுவது இல்லை. ஒரு மனிதன் சாக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு விழுந்தாள். எழுந்து வந்து பதினேழாம் கல்லுக்கு முதுகு காட்டி நின்றாள். கல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்தாள். கொல்லையில் அதற்கு மலை தெரியும். இங்கே சுவர். நாலடி நடந்து போய் அந்தச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். அவ்வளவுதான் ஆட்டம்.

என் பென்சில் எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பினால் பக்கத்து அறை வாசலில் கண்காணிப்பாளர் மாதையன் நின்றிருந்தார். கோப்பு எடுக்கப் பின்கதவு வழியாக வந்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். “ஏம்மா ராஜமேரி, சேலத்துல இருந்து டான்ஸ் பார்ட்டி எதுக்கு? இந்தம்மா இதை அப்படியே ஃபங்ஷன்ல ஆடுனா போதுமே” என்றார். முனியம்மாளைப் பார்த்து, என்ன வேண்டும் கேள் என்றார். அவள் யோசிக்கவே இல்லை, கல்லைக் கேட்டாள். விழா நன்றாக நடந்தால் செகரட்டரியிடம் சொல்லி, கல் பழையபடி கொல்லையிலேயே இருக்கட்டும், குடும்பமே பாதுகாக்கும் என்று உத்தரவு வாங்கித் தருகிறேன் என்றார். கோயில் கல்லை அப்படி விட்ட முன்மாதிரி இருக்கிறதாம்.

‘அப்படியே’ என்று அவர் சொன்னார். நான் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து, பார்த்தது மறப்பதற்குள் பட்டியல் நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். பதினோரு அடியாகப் பிரித்தேன். ஒன்று, வலது காலுக்குப் பாரம். இரண்டு, இடது கை நீட்டல். மூன்று, குதிரைக் கல்லுக்குத் திரும்பல். இப்படி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குச்சி மனுஷி படம். எனக்கு அது பெரிய சாதனையாகத் தெரிந்தது. படிக்காத ஒருத்தியின் ஆட்டத்தை முதன்முதலாக எழுத்தில் கொண்டுவந்திருக்கிறேன். மாதையன் சார் மேலிடத்துக்கு எழுதும் குறிப்பில் ‘பயிற்சி: ராஜமேரி’ என்று ஒரு வரி வரும், தற்காலிகம் என்ற சொல் என் பேரிலிருந்து போகும் என்ற நினைப்பும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவள் மறுவாரம் வந்தபோது நோட்டைக் காட்டினேன். படங்களைப் பார்த்துச் சிரித்தாள். இது நானா, கொக்கு மாதிரி இருக்குது என்றாள். அன்றைக்கு ஆடியது ஒன்றும் நினைவில் இல்லை என்றாள். எனக்கு இருக்கிறது, நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

“அதையேவா ஆடறது?” என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“அதையேதான்.”

“வேற ஆடறனுங்களே. அன்னிக்கு என்னா வருதோ அது.”

“வராம போச்சுன்னா? செகரட்டரி முன்னால சும்மா நின்னுட்டிருப்பீங்களா?”

“வராட்டி நிக்கறதுதானுங்க. நின்னாலும் ஆட்டந்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இந்த மூன்று வருஷத்தில் பலதடவை யோசித்திருக்கிறேன். என் அம்மா லூர்தம்மாள் தினமும் ஜெபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று தடவை ஒரே ஜெபத்தைச் சொல்லுவாள். ஒரு சொல் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சொன்னதையே சொல்வதுதான் எங்கள் வீட்டில் பக்தி. மாதா கோயில் பூசையில் கை கூப்ப, முழந்தாள் போட, எழுந்து நிற்க எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. பள்ளியிலும் அப்படித்தான் பிழைத்தேன். மன்னர்கள் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் பண்ணி, புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதி, அப்படித்தான் சவரி மகள் பட்டதாரி ஆனாள். மாற்றி எழுதினவர்களை வாத்தியார் ஃபெயில் ஆக்கினார். திரும்பச் செய்வது பொய் என்று ஒருத்தி சொன்னால் அது எனக்கு எப்படிப் புரியும்? என் ஆயுசு முழுவதையும் அவள் பொய் என்கிற மாதிரி இருந்தது.

“கல்லுக்கு என்ன கண்ணா இருக்கு, போன தடவை ஆடுனதா இல்லையான்னு பாக்க?” என்றேன். அப்புறம் அதைச் சொன்னேன். “உங்களுக்குக் கல்லு வேணுமா வேணாமா?”

இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வேறு எதையும் கேட்கமாட்டேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சரி, சொல்லுங்க என்றாள்.

மூன்று வாரம். கூலி வேலை முடிந்து பஸ் பிடித்து வருவாள். சந்தேகமில்லாமல் சொல்கிறேன், முதல் வாரம் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஒன்று என்றதும் வலது காலுக்குப் பாரம் போகும்; ஆனால் இரண்டாவதில் கை வேறெங்கோ போகும். நான் நிறுத்துவேன். மறுபடி ஒன்று. அவள் உடம்பு ஒவ்வொரு தடவையும் புதிதாக எங்காவது தப்பித்துக்கொள்ளப் பார்க்கும், நான் பிடித்து இழுத்து வந்து நோட்டில் நிறுத்துவேன். இரண்டாவது வாரம் பாதி வந்தது. மூன்றாவது வாரம் நான் எண்ணைச் சொல்லாமலே பதினொன்றும் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மேரியம்மா, இப்ப நான் நடக்கும்போதுகூட எண்ணறன் என்றாள். நல்லதுதானே என்றேன்.

விழாவுக்கு முந்தின நாள் மாதர் சங்கத் தலைவி ஜானகியம்மாள் வந்து, வெறுங்காலோடு ஆடினால் என்ன அழகு என்று ஒரு ஜோடி சலங்கையைக் கொடுத்தார். பின்னால் யாராவது வயலின் வாசிக்கட்டும் என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். இது அவர்கள் வழக்கம், நீங்கள் கெடுக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிச் சலங்கையைத் திருப்பிக் கொடுத்தேன். முனியம்மாளின் ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எதற்கு அப்படிப் பார்க்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

விழா காலை பத்தரைக்கு. கூடம் நிறைய நாற்காலி. செகரட்டரி முன்வரிசையில். கற்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். முனியம்மாள் வந்து பதினேழாம் கல் முன்னால் நின்றாள். நான் ஒரு தூணோரம், அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் சரியாக வந்தது. குதிரைக் கல்லின் முன்னால் தாழ்ந்தபோது பின்வரிசையில் யாரோ ‘ஆஹா’ என்றார்கள். ஐந்தாவது, நாய்க் கல். அதன் முதுகுக்கு மேலே கை ஓடி முடிந்தது. அடுத்து மூலையில் இருக்கிற தலைக் கல்லுக்குப் போக வேண்டும். அவள் போகவில்லை.

நாயின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் மறந்தவர்களின் தவிப்பு இல்லை. பாரம் மெதுவாக இடது காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நோட்டில் இல்லாத திசை அது. தலை கொஞ்சம் சாய்ந்தது, எதையோ கேட்கிறவள் மாதிரி. மாட்டுப் பொங்கல் அன்று முதல் அடிக்கு முன்னால் அவள் எப்படி நின்றாளோ அப்படி நின்றாள். அது அவளுக்கு வந்துகொண்டிருந்தது. இன்று எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது. அன்று தூணோரம் நின்ற எனக்குத் தெரிந்தது செகரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தது மட்டும்தான்.

நான் கையைத் தூக்கினேன். ஒரு கையில் ஐந்து, மறு கையில் ஒன்று. ஆறு விரல் காட்டினேன்.

அவள் பார்த்தாள். இடது காலிலிருந்து பாரம் திரும்பி வந்தது. மூலைக்குப் போய், ஆறாவது அடியை வைத்து, ஏழு, எட்டு என்று விழுந்து, எழுந்து, சுவரில் உள்ளங்கை வைத்து, பதினொன்றையும் முடித்தாள். கைதட்டல் ஓயவே இல்லை. செகரட்டரி எழுந்து நின்று கும்பிட்டார். மாதையன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முனியம்மாள் பதினேழாம் கல்லின் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டாள். கூட்டத்தைப் பார்த்துக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எட்டு மாதம் அலைந்து உத்தரவு வாங்கினார். அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்த அன்று பழைய பேச்சு வந்தது. ஆட்டத்தில் ஒரு அடிகூடப் பிசகவில்லை, நீங்கள் அப்படியே என்று சொன்னதற்காக மூன்று வாரம் பாடுபட்டேன் என்றேன்.

“நான் அப்படியேன்னு சொன்னது ஒரு பேச்சுக்கும்மா” என்றார் அவர். “அந்தம்மா எதை ஆடியிருந்தாலும் சரிதான். முதல்ல ஆடுனதைப் பார்த்தது நீயும் நானும் மட்டுந்தானே? வேற யாருக்குத் தெரியப் போவுது?”

வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கூடத்தில் இருந்த இருநூறு பேரில் யாரும் அவளிடம் அதையே ஆடு என்று கேட்கவில்லை. கேட்டது நான் ஒருத்தி.

இருந்தாலும் கல் திரும்புகிறதே, எல்லாம் சரியாகிவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். 1975 பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, கல்லைப் படுக்கவைத்து நானே கூட உட்கார்ந்து போனேன். பெரியண்ணன் பழைய குழியிலேயே நடலாம் என்றார், அவருக்குக்கூட இப்போது கல் வேண்டியிருந்தது. செகரட்டரி கும்பிட்ட கல் என்று ஊரில் பேச்சு. முனியம்மாள் மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டினாள், கல் நிமிரும்போது தோள் கொடுத்தாள். மலையைப் பார்த்து நிற்கிறதா என்று தூரமாகப் போய் நின்று பார்த்துச் சொன்னாள். என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். ஊருக்குப் போகாமல் மாட்டுப் பொங்கலுக்கு வரச் சொன்னாள்.

போனேன். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி ஓட்டி வந்திருந்தார்கள். கல்லுக்கு எண்ணெய் வைத்திருந்தார்கள். நான் தேய்த்துக் கழுவிய இடமெல்லாம் மறுபடி கறுத்து மினுங்கியது. எல்லாரும் கல் முன்னால் நின்றார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. யார் காலும் முன்னால் வரவில்லை. எல்லாரும் முனியம்மாளைத் தேடினார்கள். அவள் கடைசியில், இரண்டு விதவைப் பெண்களோடு நின்றிருந்தாள்.

“முனியம்மா, என்னா அங்க நின்னுட்ட? பொழுது போவுது பாரு” என்றார் பெரியண்ணன்.

“நான் ஆடலைங்க மாமா. வேற யாராச்சும் ஆடட்டும்.”

ஏன், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அவள் காரணம் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தேங்காய் உடைத்து, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டி, எல்லாரும் கலைந்து போனார்கள்.

நான் அவளிடம் போனேன். தப்பு என்னுடையது, வேடியப்பன் முன்னால் நடித்ததாக நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள், மனசு ஒப்பாமல் செய்தது ஒரு கணக்கா, என்று என்னென்னவோ பேசினேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் மாதிரி ஒன்று விடாமல் சொன்னேன். மாதையன் சொன்னதையும் சொன்னேன்.

“அவரு கோவிச்சுக்கிட்டாருன்னா தேங்கா ஒடைச்சுச் சமாதானம் பண்ணிருவனுங்க மேரியம்மா” என்றாள் கடைசியில். “அதில்ல. ஆறு மாசமா தனியா வந்து ஆடிப் பாத்துட்டன். இந்தக் கொல்லையிலதான், வெறும் குழி முன்னால. நீங்களே பாருங்க.”

கல்லின் முன்னால் போய் நின்றாள். நான் வரப்பில் நின்றேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நெடுநேரம் அசையாமல் நின்றாள். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன், புதிதாக ஏதாவது வரட்டும், அவள் தடுக்கி விழுந்தாலும் சரி என்று. வலது காலுக்குப் பாரம் மாறியது. இடது கை எழுந்து நீண்டது. குதிரை இல்லாத இடத்தில் குதிரைக் கல்லுக்குத் திரும்பி முழங்கால் மடங்கியது. என் உதடு என்னை அறியாமல் மூன்று என்றது.

அவள் நின்றுவிட்டாள்.

“பாத்தீங்களா? எதை ஆட எந்திரிச்சாலும் இதுதானுங்க வருது. காலு இப்ப யோசிக்கிறதில்ல, அதுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாட்டுக்குக் காணை நோய் வந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு, இருட்டுவதற்குள் போனால்தான் பஸ் கிடைக்கும் என்று என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாட்டுப் பொங்கல் போய்விட்டது. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்தக் குறிப்பில் மாதையன் நான் நினைத்த மாதிரியே எழுதியிருந்தார். இரண்டு வருஷமும் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் வேறு யார் காலும் இன்னும் முன்னால் வரவில்லை. எண்ணெய் வைக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முனியம்மாள் மற்ற விதவைகளோடு கடைசி வரிசையில் நிற்கிறாள்.